துப்பாக்கிக்குப் பின் வந்த கண்ணீர்ப்புகை: மும்பையின் கலவரத் தடுப்புக் கருவிகள் குறித்து ஒரு மறுவாசிப்பு

மும்பைக் காவல்துறையின் வரலாற்றை எழுத முனையும் எவரும் எஸ்.எம். எட்வர்ட்ஸைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. 1909 முதல் 1916 வரை நகரக் காவல் ஆணையராக இருந்தவர் அவர். 1923இல் வெளிவந்த அவருடைய பம்பாய் நகரக் காவல்துறை வரலாறு இன்றும் முதன்மை ஆதாரம். ஆள்பலம் போதவில்லை என்ற குறை அந்நூலில் திரும்பத் திரும்ப வருகிறது. 1874, 1893 கலவரங்கள் காவலர்களின் கைமீறிப் போனதையும், ராணுவம் இறங்கிய பிறகே நகரம் அடங்கியதையும் படிக்கும் வாசகர், போதுமான ஆளும் கருவியும் இருந்திருந்தால் இவ்வளவு நேர்ந்திருக்காது என்ற முடிவுக்கே வந்து சேர்வார்.

இந்த முடிவை எட்வர்ட்ஸின் பதவிக்காலமே மறுக்கிறது. 1911 மொஹரத்தின்போது ராணுவம் சுட்டது, உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு அவர் மாற்றியது ஊர்வல விதிகளைத்தான்; எந்தக் குழு, எந்தத் தெரு என்பதையே அவர் கட்டுப்படுத்தினார். தம் கையாலேயே செய்த இந்த மாற்றத்தின் பொருளை அவருடைய நூல் போதிய அழுத்தத்துடன் சொல்லவில்லை என்பது என் கருத்து. பின்வந்தவர்களும் ஆள்பலக் கணக்கையே பிடித்துக்கொண்டார்கள். லத்தி, ரைபிள், கண்ணீர்ப்புகை, தண்ணீர் பீய்ச்சும் வண்டி என்று கருவிகள் மென்மையாக ஆக, சாவும் குறையும் என்பது அதன் இன்றைய வடிவம்.

1992-93 கலவரத்தை விசாரித்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் கணக்கில் இறந்தவர்கள் 900 பேர். அவர்களில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்தவர்கள் 356 பேர்; கத்திக்குத்தில் இறந்தவர்கள் 347 பேர். வேறெந்தக் காரணத்தைவிடவும் போலீஸ் தோட்டாவுக்குப் பலியானவர்களே அதிகம். கருவிப் பற்றாக்குறைதான் இதற்குக் காரணம் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எல்லைப் பாதுகாப்புப் படையின் கண்ணீர்ப்புகைத் தயாரிப்புப் பிரிவு குவாலியரை அடுத்த டேகன்பூரில் 1976இலேயே தொடங்கப்பட்டுவிட்டது. காவலர்களிடம் முஸ்லிம்களுக்கு எதிரான சார்பு இருந்ததையும் ஆணையம் பதிவு செய்திருக்கிறது. அந்தச் சார்பைக் கருவிப் பட்டியலால் விளக்கிவிட முடியாது.

செம்பூருக்கு அருகே, காட்கோபர் ரமாபாய் அம்பேத்கர் நகரில் 1997 ஜூலை 11 அன்று நடந்ததை நான் சற்று நிதானமாகவே பார்க்க விரும்புகிறேன். அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டிருந்ததை விடியற்காலையில் கண்ட மக்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். மாநில ரிசர்வ் போலீஸ் படையின் வேன் வந்தது. சிறிது நேரத்திலேயே ரைபிள்கள் சுட்டன. 10 பேர் இறந்தார்கள். குண்டடி பட்டவர்களில் பெரும்பாலோருக்குக் காயம் இடுப்புக்கு மேலேதான். லத்தியடியும் கண்ணீர்ப்புகையும் வந்தது பிற்பகலில்! ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 1999இல் வெளியிட்ட அறிக்கையில் இந்த நேரவரிசை இருக்கிறது. ஆனால் கருவிகளின் வரலாற்றை எழுதியவர்கள் இதைக் கையாண்டு நான் பார்க்கவில்லை. பலப்பிரயோகம் படிப்படியாக ஏற வேண்டிய ஏணியின் கடைசிப் படியில் இருக்க வேண்டியது காலையிலேயே வந்துவிட்டது. முதல் படி மதியத்துக்கு மேல் வந்தது. எரிவாயு டேங்கர்களைக் கூட்டம் கொளுத்த வந்தது என்று படைத்தரப்பு சொன்ன நியாயத்தை நீதிபதி குண்டேவார் ஆணையம் ஏற்கவில்லை. சுட உத்தரவிட்ட அதிகாரிக்கு 2009இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் உயர் நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது.

ஒரே ஒரு காலைப்பொழுதை வைத்துக்கொண்டு நகரத்துக்கே விதி எழுதிவிட முடியாது. ஆனாலும் ஒன்றை அழுத்திச் சொல்வேன்: வண்டி எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் பலப்பிரயோகம் தொடங்குகிறது. தாராவியில் 90 அடிச் சாலைக்கும் 60 அடிச் சாலைக்கும் பெரிய வண்டி வரலாம். சந்துகளுக்குள் நடந்துதான் போக வேண்டும். சாலையில் நிற்கும் வண்டியிலிருந்து உள்ளே இருப்பவரின் முகம் தெரியாது. எச்சரிக்கை அவர் காதில் விழுந்ததா என்றும் தெரியாது.

கலவரத்துக்கென்றே தனியாக அமைந்த அதிவிரைவுப் படையின் தொடக்கத்தைச் சிலர் 1991 டிசம்பர் என்பார்கள்; முழுமையாகச் செயல்படத் தொடங்கிய 1992 அக்டோபர் 7ஐச் சிலர் கொள்வார்கள். ஆணை பிறந்த நாளா, களமிறங்கிய நாளா என்பதைப் பொறுத்தது அது. நான் இதைத் தீர்க்க முற்படவில்லை. எப்படிக் கணக்கிட்டாலும், பாபர் மசூதி இடிக்கப்பட்டு மும்பைக் கலவரம் தொடங்கிய 1992 டிசம்பர் 6க்கு முன்பே படை பிறந்துவிட்டது. பல குழல்களிலிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசும் ‘வஜ்ரா’, தண்ணீர் பீய்ச்சும் ‘வருண்’ ஆகிய வண்டிகள் இந்தப் படையின் பெயரோடு இணைந்தே அறியப்படுகின்றன.

இவை ரைபிளின் இடத்தைப் பிடித்துக்கொண்டன என்று சொல்வதற்குத் தூத்துக்குடி தடை நிற்கிறது. 2018 மே 22 அன்று அங்கே நடந்த ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸிடம் லத்தியும் இருந்தது, கண்ணீர்ப்புகையும் இருந்தது. ஆனாலும் சாதாரண உடையில் இருந்த காவலர் போலீஸ் வண்டியின் கூரைமேல் ஏறி நின்று குறிபார்த்ததை நாடே படத்தில் கண்டது. துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். கூட்டத்தைக் கலைக்க வந்த வண்டி அங்கே சுடுவதற்கான மேடையாகிவிட்டது. தூண்டுதல் ஏதுமின்றிச் சுட்டதாக நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் முடிவுக்கு வந்தது.