தென் துருவத்துக்குக் கட்டுச்சோறு

வெளியூர்ப் பயணம் என்றால் முதல் நாளே சமையலறை பரபரப்பாகிவிடும். தயிர்ச்சோறு, புளிச்சோறு, முறுக்கு, பொருள்விளங்கா உருண்டை என்று தூக்கிலும் டப்பாவிலும் நிறைத்துக்கொண்டு புறப்படுகிறோம். தயிர்ச்சோற்றை முதல் வேளைக்கும் புளிச்சோற்றை அடுத்த வேளைக்கும் முறுக்கைப் பயணம் முழுமைக்கும் என்று ஒதுக்கிவைக்கும் பாட்டிக்கு யாரும் வேதியியல் கற்றுத் தரவில்லை. இருந்தாலும் நமக்கு ஒரு துணிச்சல் உண்டு. எதையாவது மறந்துவிட்டால் வழியில் கடை இருக்கிறது அல்லவா?

கடையே இல்லாத வழி ஒன்றை எண்ணிப் பாருங்கள். கடை மட்டுமன்று; மரமில்லை, புல்லில்லை, குடிக்க ஒரு துளி நீர்கூட இல்லை. போகவும் வரவும் 2,500 கிலோமீட்டருக்கு மேல். தின்பதற்கான ஒவ்வொரு கவளத்தையும் நீங்களே இழுத்துச் செல்ல வேண்டும். 1911ஆம் ஆண்டில் தென் துருவத்தை நோக்கிப் புறப்பட்ட இரு குழுக்களின் முன் நின்ற கேள்வி இதுதான். நார்வே நாட்டு அமுண்ட்சென் அந்த ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் துருவத்தை அடைந்து நலமாகத் திரும்பினார். பிரிட்டனைச் சேர்ந்த ஸ்காட் 1912 ஜனவரி 17ஆம் நாள் அடைந்தார். அவரும் உடன் சென்ற நால்வரும் திரும்பவில்லை. வீரம், விதி என்று இக்கதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நாம் அவர்களுடைய உணவு மூட்டையை மட்டும் அவிழ்த்துப் பார்ப்போம்.

கொழுப்பும் கறித்தூளும்

இரு குழுவினரும் முதன்மையாக நம்பியது பெம்மிக்கன் என்ற உணவை. இது ஐரோப்பியர் கண்டுபிடித்ததன்று. வட அமெரிக்காவின் கிரீ இன மக்களின் மொழியில் ‘பிமீ’ என்றால் கொழுப்பு. அதிலிருந்து பிறந்த சொல் இது. காட்டெருமை இறைச்சியை மெல்லிய பட்டைகளாக அரிந்து, வெயிலிலோ நெருப்பருகிலோ உலர்த்தி, இடித்துத் தூளாக்குவார்கள். அதில் உருக்கிய கொழுப்பைக் கிட்டத்தட்டச் சம எடை ஊற்றிப் பிசைந்து, சில வேளைகளில் காட்டுப் பழங்களையும் சேர்த்து, தோல் பையில் அடைத்துவிடுவார்கள். ஆண்டுக் கணக்கில் கெடாது. நுண்ணுயிர்கள் பெருக நீர் வேண்டும். இங்கே நீர் இல்லை. கொழுப்பு சுற்றிலும் மூடியிருப்பதால் காற்றும் எளிதில் உட்புகாது. நம் முறுக்கு பல நாள் தாங்குவதற்கும் நீரின்மையே முதற்காரணம்.

மென்மயிர்த் தோல் வணிகர்கள் படகுகளில் உள்நாட்டுக்குச் செல்ல இந்த உணவையே நம்பியிருந்தார்கள். 1814இல் சிவப்பாற்றுக் குடியேற்றத்தின் ஆளுநர் பெம்மிக்கனை வெளியே கொண்டுசெல்லத் தடை விதித்தார். பகை முற்றி 1816இல் செவன் ஓக்ஸ் என்ற இடத்தில் நடந்த மோதலில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கட்டுச்சோற்றுக்காக ஒரு சண்டை!

கிராமும் கலோரியும்

அமெரிக்க வேதியியலார் அட்வாட்டர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உணவுகளின் ஆற்றலை அளந்து ஒரு கணக்கைத் தந்தார். ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ உடலுக்குத் தருவது ஏறத்தாழ 4 கிலோ கலோரி. கொழுப்பு தருவது 9. ஆகவே சுமையைக் குறைக்க விரும்புகிறவர் கொழுப்பைத்தானே கட்டிக்கொள்ள வேண்டும்? கணக்கு அப்படித்தான் சொல்கிறது. வயிறு ஒப்புக்கொள்ள வேண்டுமே!

அதைச் சோதித்தும் பார்த்தார்கள். 1911 ஜூன் 27ஆம் நாள், துருவத்தின் இரவுக் காலத்தில், ஸ்காட் குழுவின் வில்சன், பவர்ஸ், செர்ரி-காரார்ட் ஆகிய மூவர் பேரரசப் பெங்குவின் முட்டைகளைத் தேடிக் குரோசியர் முனைக்குப் புறப்பட்டனர். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 60 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. ஐந்து வாரம் நீடித்த அந்த நரகப் பயணத்தில் மூவரும் தங்கள் உடலையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டனர். வில்சன் வெண்ணெயை மிகுதியாக உண்பது, பவர்ஸ் பெம்மிக்கனை, செர்ரி-காரார்ட் பிஸ்கட்டை என்று ஏற்பாடு. வில்சனால் தம் பங்கு வெண்ணெயைத் தின்று தீர்க்க முடியவில்லை. செர்ரி-காரார்டுக்கோ பசி அடங்கவில்லை, குளிரும் வாட்டியது. இறுதியில் இருவரும் பிஸ்கட்டையும் வெண்ணெயையும் பண்டமாற்றுச் செய்துகொண்டார்கள்!

இந்தச் சோதனையை ஒட்டி, துருவப் பயணத்தின் உயர்நிலப் பகுதிக்கு ஒருவரின் ஒரு நாள் உணவு முடிவு செய்யப்பட்டது. பிஸ்கட் 450 கிராம், பெம்மிக்கன் 340, சர்க்கரை 85, வெண்ணெய் 57, இவற்றோடு சிறிது கோக்கோவும் தேயிலையும். மொத்தம் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆற்றல் ஏறத்தாழ 4,500 கிலோ கலோரி. வகுப்பறையில் நின்று பேசும் என் போன்ற ஆசிரியருக்கு 2,500 என்பதே மிகை. ஆகவே 4,500 தாராளம் என்றே தோன்றும். அக்காலத்தில் அவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் ஸ்காட் குழுவினர் பெரும்பகுதி வழியில் வண்டியைத் தாங்களே இழுத்தனர். கடுங்குளிரில் அவ்வாறு இழுப்பவருக்கு நாளொன்றுக்கு 6,000 கிலோ கலோரியும் அதற்கு மேலும் தேவைப்படும் என்பது பின்னாளைய அளவீடுகளால் தெரியவந்தது. 1992–93இல் ஃபைன்ஸ், ஸ்ட்ரவுட் என்ற இருவர் தென்முனைக் கண்டத்தைக் கடந்தபோது, நாள்தோறும் 5,000 கிலோ கலோரியளவில் உண்டும் ஒவ்வொருவரும் 20 கிலோவுக்கு மேல் எடை இழந்தனர்.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 1,500 கிலோ கலோரி பற்றாக்குறை என்று கொள்வோம். 100 நாளில் அது 1,50,000. உடலில் ஒரு கிலோ கொழுப்புத் திசு கரைந்தால் கிடைப்பது சுமார் 7,700. வகுத்தால் ஏறத்தாழ 20 கிலோ வருகிறதல்லவா? முதல் வாரத்தில் கண்ணுக்குப் படாத சிறு தவறு, நூறாம் நாளில் ஓர் உயிரின் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது.

இன்னொரு குறையும் அந்த மூட்டையில் இருந்தது. வைட்டமின் சி அதில் அறவே இல்லை. அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து அடையாளம் கண்டது 1928–32 ஆண்டுகளில்தான். முன்னதாகத் திரும்பிய எட்வர்ட் எவான்ஸ் என்ற அதிகாரி வழியிலேயே ஸ்கர்வி நோயில் விழுந்து, இரு தோழர்களின் உழைப்பால் உயிர் பிழைத்தார். அமுண்ட்சென் குழுவினர் முகாமில் குளிர்காலம் முழுதும் சீல் இறைச்சி உண்டார்கள். காரணம் அறியாமலே காப்பைத் தேடிக்கொண்டார்கள் எனலாம்.

நீருக்கும் எரிபொருள்

பனிக்கட்டி மேல் நடப்பவருக்கு நீருக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். உண்மையில் அதுதான் பெரும் பஞ்சம். –30 டிகிரியில் உள்ள ஒரு கிலோ பனியைச் சுழியத்துக்குக் கொண்டுவர 15 கிலோ கலோரி வேண்டும். உருக்க, உள்ளுறை வெப்பம் 80. கொதிக்க வைக்க மேலும் 100. ஆக 195. நம் வீட்டுக் குழாய் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க 70 போதும். கிட்டத்தட்ட மூன்று மடங்கு எரிபொருள்! பனியை அப்படியே வாயில் போட்டால் என்ன? அதை உடல் வெப்பத்துக்குக் கொண்டுவர உடலே கிலோவுக்கு 132 கிலோ கலோரி செலவிட வேண்டும். மூன்று கிலோ பனி தின்றால் அன்றைய உணவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும்.

எனவே மண்ணெண்ணெயும் உணவின் ஒரு பகுதியே. ஸ்காட்டின் எண்ணெய்த் தகரங்களின் மூடிகளில் தோல் வாசர்கள் இருந்தன. கடுங்குளிரில் அவை இறுக்கம் இழந்தன. எண்ணெய் கசிந்தும் ஆவியாகியும் போயிற்று. திரும்பும் வழியில் கிடங்கு கிடங்காக வந்து பார்த்தபோது, எதிர்பார்த்த அளவு எண்ணெய் இல்லை. அமுண்ட்சென் தம் தகரங்களை ஈயம் பற்றவைத்து மூடியிருந்தார். இந்த வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது இந்த வாசர்தான். ஒரு சிறு தோல் துண்டு!

கட்டும் கலை

எதை எடுப்பது என்பதைப் போலவே எப்படிக் கட்டுவது என்பதும் முக்கியம். ஸ்காட்டின் உணவு நால்வர் கொண்ட அணிக்கென்று அளந்து பைகளில் கட்டப்பட்டிருந்தது. கடைசிக் கட்டத்தில் அவர் ஐந்தாவதாக ஒருவரையும் சேர்த்துக்கொண்டார். கிடங்குகளில் உள்ள நான்கு பங்குகளைப் பிரித்து மூன்றாகவும் ஐந்தாகவும் மாற்ற வேண்டியதாயிற்று. ஐவருக்குச் சமைக்க நாளில் அரைமணி நேரம் கூடுதலாகிறது என்று அவரே குறித்திருக்கிறார்.

அமுண்ட்சென் குழுவில் ஜோஹான்சன் மூடிய முகாமில் குளிர்காலம் முழுதும் உட்கார்ந்து கட்டியதே ஒரு பாடம். பெம்மிக்கன் அளவெடுத்த கட்டிகளாக இருந்ததால் பயணத்தில் தராசு தேவையில்லை. பிஸ்கட்டுகள் எண்ணி அடுக்கப்பட்டன. இடைவெளிகளில் பால்தூள் பைகள் செருகப்பட்டன. பெட்டியைச் சறுக்குவண்டியிலிருந்து அவிழ்க்காமலே மேலுள்ள வட்ட மூடியைத் திறந்து அன்றைய உணவை எடுக்கலாம். விரல் விறைத்துப்போகும் இடத்தில் முடிச்சு அவிழ்ப்பது எவ்வளவு துன்பம்! கிடங்குகளுக்கு இருபுறமும் குறுக்கே வரிசையாகக் கொடிகள் நட்டதால், பாதை சற்று விலகினாலும் கிடங்கு தப்பாது. அவர் வண்டிகளை இழுத்தவை நாய்கள். புறப்பட்டவை 52, திரும்பியவை 11; மற்றவற்றில் பல வழியில் கொல்லப்பட்டு உணவாயின. இதை மறைத்துவிட்டு அவருடைய திட்டத்தைப் புகழ்வது நேர்மையாகாது.

ஸ்காட்டின் பெரிய கிடங்கான ‘ஒரு டன் கிடங்கு’ 80ஆம் அட்சக் கோட்டில் அமைந்திருக்க வேண்டியது. 1911 பிப்ரவரியில் குதிரைகள் தளர்ந்ததால் 50 கிலோமீட்டருக்கு மேல் முன்னதாகவே, 79° 29′ இல் அமைத்துத் திரும்பினர். 1912 மார்ச் இறுதியில் ஸ்காட், வில்சன், பவர்ஸ் ஆகிய மூவரும் இறந்து கிடந்த கூடாரத்துக்கும் அக்கிடங்குக்கும் இடையே இருந்தது ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அந்த மார்ச் மாதக் குளிர் வழக்கத்தை மீறியது என்று வளிமண்டல அறிவியலார் சூசன் சாலமன் பின்னாளில் பதிவுகளைக் கொண்டு காட்டியிருக்கிறார். ஆகவே பழி முழுவதையும் கட்டுச்சோற்றின் மேல் போட்டுவிட இயலாது.

1912 நவம்பர் 12ஆம் நாள் தேடிச் சென்றோர் கூடாரத்தைக் கண்டபோது, சறுக்குவண்டியில் 16 கிலோ பாறைத் துண்டுகள் இருந்தன. ஒரு மனிதனின் 16 நாள் உணவின் எடைக்கு ஈடான கல்லைக் கடைசி வரை அவர்கள் எறியவில்லை. அவற்றுள் சிலவற்றில் குளோசாப்டெரிஸ் என்ற தொல் தாவரத்தின் இலைப் பதிவுகள் இருந்தன. அதே தாவரத்தின் பதிவுகள் நம் நாட்டு நிலக்கரிப் படுகைகளிலும் கிடைக்கின்றன.