அன்னபூரணி: ஆளோடு வாங்கிய கப்பல்

சமயபுரத்துக்காரன் கப்பலைப் பற்றி எழுதினால் சிரிப்பார்கள். எங்களுக்குத் தெரிந்த தண்ணி கொள்ளிடம்தான், அதுவும் வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல். தெரிந்த படகு பரிசல். அது பழுதானால் பின்னத் தெரிந்தவரைக் கூப்பிட்டால் போதும், மூங்கிலுக்குப் பஞ்சமில்லை. கடலோடும் பழைய மரக்கப்பல் பழுதானால்? உதிரிப்பாகத்தை எந்தக் கடையில் வாங்குவது, யாருகிட்ட போய்க் கேக்கறது?

இந்தக் கேள்வியோடு தேடினால் ஈழத்தின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறைக்கு வந்து சேர்வோம். 1930களில் அங்கே கட்டப்பட்டு ஓடிய பாய்க்கப்பல்களில் ஒன்று அன்னபூரணி. ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கினார். அவர் சும்மா பணக்காரப் பயணி அல்ல. 1928 முதல் 1931 வரை 'ஸ்வாப்' என்ற 32 அடிப் பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்தவர். மரக்கப்பல் எது நல்லது, எது உதவாது என்று கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவர். அவர் தேர்ந்தெடுத்தது நம் மேஸ்திரிகள் செய்ததை. மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றினார். சூயஸ் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து, 1938 ஆகஸ்டில் கப்பல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

பெயர் மாறியது, ஆட்கள் மாறவில்லை. தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் கூடவே போனார்கள். இதை விசுவாசக் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கென்னவோ இதில் கறாரான கணக்கு ஒன்றும் தெரிகிறது. மரக்கப்பலின் உதிரிப்பாகங்களில் மனிதர்களும் சேர்த்தி.

ஏன் என்று பாருங்கள். வெயிலில் காய்ந்தால் பலகை சுருங்கும், இடுக்கு திறக்கும். அதில் பஞ்சோ கயிற்று நாரோ திணித்து அடைப்பதைக் கலப்பற்று என்பார்கள். குறைவாகத் திணித்தால் ஒழுகும். அதிகமாகத் திணித்தால், பலகை தண்ணீரில் ஊறி உப்பும்போது ஆணியையே தள்ளிவிடும். எவ்வளவு என்பது கொட்டாப்புளி எழுப்பும் சத்தத்தில்தான் இருக்கிறது. கப்பலின் விலா எலும்பான வங்கு இன்னும் மோசம். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் நார் வெட்டுப்பட்டு பலம் போய்விடும். வளைந்தே வளர்ந்த கருவேலங்கிளை வேண்டும். ஆக, உதிரிப்பாகம் தேடுவது என்றால் மரத்தின் கோணலைத் தேடி நடப்பது. நம் மேஸ்திரிகள் பெரும்பாலும் வரைபடம் வைத்துக் கட்டியதில்லை. மேஸ்திரி போனால் வரைபடமும் போச்சு.

போனதைத் திரும்பப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அண்மைச் சாட்சி ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா. அஜந்தா ஓவியம் ஒன்றில் உள்ள ஐந்தாம் நூற்றாண்டுக் கப்பலைப் பார்த்து, ஆணிக்குப் பதிலாகத் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டியது. ஓவியத்தில் உருவம் இருந்தது, அளவு இல்லை. மாதிரி செய்து சென்னை ஐஐடியில் சோதித்தார்கள். ஆனால் தைக்கிற கை? அதற்குக் கேரளத்தின் பாபு சங்கரனையும் அவரது குழுவையும்தான் தேட வேண்டியிருந்தது. 2025 மே 21-இல் கார்வாரில் அந்தக் கப்பல் கடற்படையில் சேர்ந்தது. கடற்படை இருக்கிறது, ஐஐடி இருக்கிறது, பணம் இருக்கிறது. அப்படியும் எல்லாம் சில தச்சர்களின் விரலில் வந்து நின்றது.

அந்த விரல்கள் ஓய்ந்த பிறகு பழைய படகு ஒன்று நம் கையில் கிடைத்தால் என்ன செய்வோம்? கண்ணாடிக்குள் வைத்து அழகு பார்க்கலாம். கடலில் இறக்க முடியாது. ராபின்சனுக்கு இது 1930களிலேயே புரிந்திருந்தது. அதனால்தான் கப்பல் ஆளோடு சேர்ந்தே போனது.