தட்டு இல்லாத சிடி டிரைவ்

1990களின் முதல் பாதியில் கணினிகளில் சிடி டிரைவ் வந்துவிட்டது. ஆனால் பெரும்பாலான கணினிகளைச் சிடி போட்டுத் துவக்க முடியாது. கணினியைத் துவக்கிவைக்கும் பயாஸுக்குத் தெரிந்ததெல்லாம் பிளாப்பியும் ஹார்ட் டிஸ்க்கும்தான். புது இயங்குதளம் நிறுவ வேண்டுமா? முதலில் பிளாப்பியைச் செருகி, சிடி டிரைவை இயக்கும் மென்பொருளை அதிலிருந்து ஏற்றி, அப்புறம்தான் சிடி பக்கம் போக முடியும்.

இந்த அவஸ்தைக்கு 1995 ஜனவரியில் ஐபிஎம், ஃபீனிக்ஸ் நிறுவனங்கள் கண்ட வழியின் பெயர் எல் டொரிட்டோ. அதை வகுத்த பொறியாளர்கள் கலிபோர்னியாவின் அர்வைன் நகரில் சாப்பிடப் போன மெக்சிகோ உணவகத்தின் பெயர் அது என்பார்கள். சிடியில் கோப்புகளை அடுக்கும் முறைக்கு அடிப்படை போட்ட குழுவும் 1985இல் தாஹோ ஏரிக்கரையில் கூடிய ஹை சியரா ஓட்டலின் பெயரைத்தான் சூட்டிக்கொண்டது. அந்த முறை 1988இல் ஐஎஸ்ஓ 9660 என்ற உலகத் தரமாயிற்று. கணினித் தரங்களின் வரலாற்றில் ஓட்டல்களுக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கலாம்.

எல் டொரிட்டோ செய்த தந்திரம் சுவையானது. தரவு சிடி 2,048 பைட் கொண்ட செக்டர்களாகப் பிரிந்திருக்கும். முதல் 16 செக்டர்களைக் கோப்பு முறை தொடுவதில்லை. அதற்கடுத்ததில் 'சிடி001' என்ற முத்திரையோடு தட்டின் விவரம். அதற்கும் அடுத்ததில் துவக்கப் பதிவு. அந்தப் பதிவைப் பிடித்துக்கொண்டு போனால், எங்கோ ஓரிடத்தில் 1.44 எம்பி பிளாப்பியின் நகல் கிடைக்கும். பயாஸ் அதை எடுத்து, ஏ டிரைவில் நிஜ பிளாப்பியே இருப்பதுபோல் காட்டும். வேஷம் போடாமல் நேராகத் துவங்கும் வழியும் அந்தத் தரத்தில் இருந்தது.

பிளாப்பி வேஷம் போட்ட சிடியின் முறை முடிந்து, கோப்பு ஒன்று சிடி வேஷம் போடும் காலம் வந்தது. 1999 மே மாதம் விஎம்வேரின் முதல் மென்பொருள் வெளியானது. ஒரு கணினியின் ஜன்னலுக்குள் இன்னொரு கணினி, அதாவது மெய்நிகர் கணினி. உள்ளே நிறுவப்படும் இயங்குதளம் சிடி டிரைவை எதிர்பார்க்கும். ஆகவே ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். வெளியே இருக்கும் நிஜ டிரைவை இரவல் தரலாம். தட்டின் முழு நகலான ஐஎஸ்ஓ கோப்பைக் காட்டி அதுதான் தட்டு என்றும் சொல்லலாம். 2003இல் ஃபப்ரீஸ் பெல்லார்டு வெளியிட்ட கெமு இன்னும் நேரடி: கட்டளையில் ஒரு கோப்பின் பெயரைச் சேர்த்தால் போதும், டிரைவ்களை இணைக்கும் ஐடிஇ தடங்களில் இரண்டாவதில் சிடி டிரைவ் முளைத்துவிடும்.

லேசரும் மோட்டாரும் போயின. பழக்கவழக்கங்கள் போகவில்லை. ஒரு ஐஎஸ்ஓவுக்குப் பதில் வேறொன்றை மாட்டினால், தட்டு மாறிவிட்டதென்று டிரைவ் முறைப்படி அறிவிக்க வேண்டும். உள்ளிருக்கும் இயங்குதளம் தட்டைப் படித்துக்கொண்டிருந்தால் டிரைவின் கதவைப் பூட்டிவைக்கும். இல்லாத கதவுக்குப் பூட்டு! வெளியிலிருந்து கழற்றப் பார்க்கும் நிர்வாகியிடம் விஎம்வேர், அந்தப் பூட்டை மீறட்டுமா என்று கேட்டு நிற்கும். இரவல் டிரைவில் வேறு தொல்லை: ஒரு சர்வரின் நிஜ டிரைவோடு இணைத்துவிட்டு மறந்துபோனால், அந்த மெய்நிகர் கணினியை ஓடும்போதே வேறு சர்வருக்கு நகர்த்த முடியாமல் தடுக்கும்.

2015 ஜூலையில் விஷயம் தொல்லை என்ற அளவைத் தாண்டியது. சிவிஇ-2015-5154 என்று பதிவான பாதுகாப்பு ஓட்டை, கெமுவின் ஐடிஇ பகுதியில் இருந்தது. சிடி டிரைவ் சேர்க்கப்பட்ட மெய்நிகர் கணினிக்குள் போதிய அதிகாரம் உள்ளவர், டிரைவுக்குச் சில கட்டளைகளை அனுப்பியே வெளிக்கணினியில் தன் நிரலை ஓட்ட வாய்ப்பிருந்தது. நிறுவிய பிறகு கழற்றாமல் விட்ட டிரைவ், திறந்த ஜன்னலாகிவிட்டது.

மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி 2013இல் தன் இரண்டாம் தலைமுறை மெய்நிகர் கணினிகளிலிருந்து ஐடிஇயைத் தூக்கியெறிந்தது. அப்போதும் டிவிடி டிரைவை விடவில்லை. ஸ்கஸி என்ற இன்னொரு இணைப்பு முறைக்கு மாற்றிக்கொண்டது. முந்தைய தலைமுறையில் டிரைவ் சேர்க்க மெய்நிகர் கணினியை நிறுத்த வேண்டும். புதியதில் ஓடும்போதே சேர்க்கலாம்.

மேகக் கணினி உலகில் இந்தத் தட்டில்லா டிரைவுக்கு இன்று புது வேலையும் கிடைத்திருக்கிறது. 'சிஐடேட்டா' என்று பெயரிட்ட குட்டி ஐஎஸ்ஓ ஒன்றை மாட்டிவிட்டால், கிளவுட்-இனிட் என்ற மென்பொருள் முதல் துவக்கத்திலேயே அதைப் படித்து, கணினியின் பெயர், பயனர் கணக்கு, நுழைவுச் சாவிகள் எல்லாவற்றையும் அமைத்துவிடும்.