கோணேசர் மலையில் முறிந்த கூட்டு

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போறதெண்டா பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால தான் போகவேணும். அந்தக் கோயிலை வைத்து ஒரு கூட்டரசாங்கமே முறிந்தது.

1965 மார்ச் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 66 ஆசனங்கள்; தெரிவான 151 பேரில் அது பெரும்பான்மை இல்லை. 14 ஆசனங்களோடு தமிழரசுக் கட்சி கைகொடுத்தது. மார்ச் 24இல் டட்லி–செல்வா ஒப்பந்தம்: மாவட்ட சபைகள், தமிழ்மொழி, காணி. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார்.

1966இல் தமிழ்மொழி ஒழுங்குவிதிகள் வந்தன. சுதந்திரக் கட்சி எதிர்த்தது. 1957இல் பண்டா–செல்வா ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்கு ஊர்வலம் கிளம்பியது ஐ.தே.க. ஆட்களை! ஆள் மாறினாலும் ஆட்டம் மாறேல்ல.

1968இல் மாவட்ட சபைத் திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டு கோணேசர் கோயில் சூழலைப் புனித பிரதேசமாக்கலாமா என்று ஆராயத் திருச்செல்வம் குழு அமைத்தார். பிக்கு ஒருவர் எதிர்க்க, பிரதமர் டட்லி அதை நிறுத்தினார். திருச்செல்வம் பதவி விலகினார், கட்சியும் விலகியது.

நாங்கள் விளங்கிக்கொள்வது இதுதான்: இரண்டு தலைவர்கள் கையெழுத்துப் போட்டால் காணாது. அடுத்த தேர்தலில் வெல்லக்கூடிய எதிர்க்கட்சியும் மேசையில் இருக்கவேணும்.