நன்னாரி சர்பத்தும் மைக்ரோகிராம் கணக்கும்: மணப்பொருள் மதிப்பீட்டில் ஒரு விடுபடல்

ஏரல் பக்கம் நன்னாரி சர்பத் என்றால் இரண்டில் ஒன்று கிடைக்கும்: வேரை ஊறவைத்துக் காய்ச்சிய பாகு, அல்லது எசன்ஸ் கலந்த சீனிப்பாகு. பின்னதைக் 'கெமிக்கல்' என்று ஒதுக்குவோர் பலர். ஆனால் வேரின் வாசமும் 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சிபென்சால்டிகைடு என்ற வேதிப்பொருளால் வருவதுதான். வனிலினில் உள்ள அதே அணுக்கள் அதே எண்ணிக்கையில் இதிலும் உண்டு; அவை இணையும் இடம் மட்டுமே வேறு. வேரா ஆலையா என்று கேட்பதால் பாதுகாப்பு விளங்காது. எந்த மூலக்கூறு, எவ்வளவு, யார் உடலில் என்று கேட்க வேண்டும். பின்னிரண்டு கேள்விகளிலும் நம் மதிப்பீடு பலவீனமாக இருக்கிறது.

இந்தியாவின் 2011 உணவு ஒழுங்குமுறை மணப்பொருள்களை இயற்கை, இயற்கையை ஒத்தவை, செயற்கை என்று மூன்றாகப் பிரித்தது. சிலவற்றைத் தடையும் செய்தது. தடைப்பட்டியலில் உள்ள சாஃப்ரோல் ஜாதிக்காயில் இருக்கிறது, எஸ்ட்ரகோல் சோம்பில் இருக்கிறது. மெத்தில் யூஜெனால் துளசியில் இருக்கிறது. ஏரலை அடுத்த பெருங்குளத்துப் பெருமாள் கோயிலில் துளசித் தீர்த்தம் வாங்கும் எவரும் அதன் சுவட்டையேனும் அருந்துகிறார். சட்டம் தடுப்பது இலையை அல்ல, அப்பொருளைப் பிரித்தெடுத்தோ செய்தோ உணவில் சேர்ப்பதை. அமெரிக்காவில் விலங்குகளுக்குப் புற்றுநோய் தரும் சேர்ப்புப் பொருளை 1958ஆம் ஆண்டின் டெலானி விதி அறவே தடுக்கிறது. மெத்தில் யூஜெனால் உள்ளிட்ட ஆறு செயற்கை மணப்பொருள்களை 2018இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் நீக்கியது அவ்விதியால்தான். வழக்கமான பயன்பாட்டில் அவை மக்களுக்கு ஆபத்தில்லை என்றும் அதே நிர்வாகம் சொன்னது.

வசம்பின் கதை இன்னும் கூர்மையானது. 1960களில் எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தது ஜம்மு வகை வசம்பின் எண்ணெயை. அதில் பீட்டா அசரோன் ஏறக்குறைய முக்கால் பங்கு. குடலில் கட்டிகள் தோன்றின. 1968இல் அமெரிக்கா வசம்பை உணவிலிருந்து விலக்கியது. பீட்டா அசரோன் நம் தடைப்பட்டியலிலும் உண்டு. ஆயினும் வசம்பு இங்கே பிள்ளை வளர்ப்பான். பேர் சொல்லா மருந்து. விளக்கில் சுட்டு, கரியை உரசிக் கைக்குழந்தையின் நாவில் தடவுகிறார்கள். சுட்ட கரியில் அசரோன் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை மணப்பொருள் விதி கேட்பதில்லை. அதன் பார்வையில் வசம்பு உணவுச் சேர்ப்பே அல்ல. குழந்தையின் உடலுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இனி 'எவ்வளவு' என்ற கேள்வி. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் அமைத்த ஜெக்ஃபா குழு, 1978இல் கிராமர் குழுவினர் மூலக்கூறின் கட்டமைப்பைக் கொண்டு வகுத்த மூன்று வகுப்புகளுக்கு ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1800, 540, 90 மைக்ரோகிராம் என்ற வரம்புகளைக் கொண்டது. உட்கொள்ளும் அளவைக் கணிக்க, ஆண்டு முழுதும் உற்பத்தியாகும் மணப்பொருளை மக்களில் பத்தில் ஒருவர் மட்டுமே உண்பதாக வைத்து வகுத்தது. உற்பத்திப் புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பானிலிருந்து வந்தவை. நன்னாரி சர்பத்தை அன்றாடம் குடிக்காத நாடுகளின் கணக்கில் நன்னாரி மணத்துக்கு என்ன இடம் இருக்கும்? ஒரு பரிமாறலில் உள்ள அளவைக் கொண்டு கணிக்கும் முறையையும் குழு பின்னர் சேர்த்தது. அது நல்ல திருத்தம். ஆனால் பரிமாறலை அளந்தால்தானே?

வரம்பிலும் ஒரு சிக்கல் உண்டு. 1800 மைக்ரோகிராம் என்பது 60 கிலோ எடையுள்ள ஆளுக்கு, அதாவது கிலோவுக்கு 30. அந்த விகிதத்தில் 12 கிலோ குழந்தைக்கு 360தான். ஏரல் சேர்மன் அருணாசலசுவாமி கோயிலின் ஆடி அமாவாசைத் திருவிழாவில் தந்தைக்கு ஒரு டம்ளர் சர்பத், மகளுக்கும் அதே டம்ளர்.

ஆகவே பெயர்ப்பட்டியலை நீட்டுவதைவிட அளவை அறிவதே முதல் வேலை. உணவுப் பழக்க ஆய்வுகளில் நெடுநாள் அனுபவமுள்ள ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வட்டார பானங்களையும் பிள்ளை மருந்துகளையும் தன் கேள்விப்படிவத்தில் சேர்க்கலாம். சில்லறையில் விற்கும் எசன்ஸ் சீசாவில், ஒரு லிட்டர் பாகுக்கு எத்தனை மில்லி என்று தமிழில் அச்சிடக் கட்டாயப்படுத்தலாம். பாகு காய்ச்சுபவர் கையில் இருப்பது இன்று சீசாவின் மூடி மட்டுமே.