மாம்பலத்தின் இரு கரைகள்



வரலாறு என்றவுடன் உங்களுள் பலருக்குப் பானிப்பட்டுப் போரும் அசோகரின் கல்வெட்டும் நினைவுக்கு வரும். அவை தத்தம் இடத்தில் இருக்கட்டும். இன்று நான் பேசப் புகுவது ஒரு புறநகரின் வரலாறு. இதில் போர் இல்லை. முடிசூட்டு விழாவும் இல்லை. ஓர் ஏரி, ஓர் இருப்புப்பாதை, அதன் இருபுறமும் வாழ்ந்த மக்கள், அவ்வளவே.

நான் மேற்கு மாம்பலத்தில் ஆசிரியப் பணி ஆற்றிக்கொண்டிருந்த காலம். ஓர் ஐப்பசி மாதத்தில் மூன்று நாள் அடைமழை பெய்து, வகுப்பறைக்குள் கணுக்கால் அளவு நீர் புகுந்துவிட்டது. பலகைகளின்மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு பிள்ளைகள் பாடம் கேட்டனர். அப்போது கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, நம் பேட்டையில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறதே, ஏரியைப் பார்க்கும் தெரு என்றுதானே பொருள்? ஏரி எங்கே, ஐயா?” என்று வினவினான். பிள்ளைகள் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று நடத்தவேண்டிய பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அவனுக்குச் சொன்னவற்றையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

மவுண்ட் ரோடு என்று முன்னாளில் வழங்கிய அண்ணா சாலைக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கமாக நீண்டு கிடந்தது ஓர் ஏரி. அதன் நீளம் கருதியே ஆங்கிலேயர் அதனை ‘லாங் டாங்க்’ என்றனர். நம்மவர் நெட்டேரி என்று அழைத்திருக்கலாகாதா என்று நான் எண்ணுவதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரக் கனவான்கள் அந்நீரில் படகுப் பந்தயம் நடத்தினர். ஆனால், ஏரி படகு விடுவதற்காக ஏற்பட்டதன்று.

தொண்டை நாட்டில் வற்றாத பேராறு கிடையாது. சென்னையில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 140 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேற்பட்டது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். இரண்டு மூன்று மாதங்களில் வருவதைப் பன்னிரண்டு மாதங்களுக்கு வைத்துக்கொள்ளவேண்டும். ஆகவே, நம் முன்னோர் நிலம் சரியும் பக்கத்தில் மண்ணால் கரை எழுப்பி நீரைத் தடுத்தனர். வயலுக்கு விட மதகு வைத்தனர். மிகுதி நீர் கரையை உடைக்காமல் வெளியேறக் கலங்கல் கட்டினர். ஓர் ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் அடுத்த ஏரிக்குச் சென்றது. இறுதியில் அடையாற்றையோ கூவத்தையோ அடைந்து கடலில் கலந்தது. தாம்பரம் ரயிலில் செல்வோர் பழவந்தாங்கல் என்னும் நிலையத்தைக் கண்டிருப்பீர்கள். ‘தாங்கல்’ என்பது சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். நுங்கம்பாக்கத்தில் இன்றும் ‘டாங்க் பண்டு ரோடு’, அதாவது ஏரிக்கரைச் சாலை, உண்டு. நீரை அகற்றியவர்கள் பெயரை அகற்ற மறந்துவிட்டனர்.

நீரை ஏன் அகற்றினார்கள்? 1921-ஆம் ஆண்டின் குடிக்கணக்கில் சென்னை நகரின் மக்கள்தொகை 5,26,911. பத்தே ஆண்டுகளில் அது 6,47,230 ஆகியது. ஜார்ஜ் டவுனிலும் திருவல்லிக்கேணியிலும் ஒரே வீட்டில் ஐந்தாறு குடும்பங்கள் ஒண்டுக் குடித்தனம் செய்தன. காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்திற்கு மக்களைக் கொண்டு செல்லவேண்டும் என்ற எண்ணம் ஆட்சியாளர்க்கு எழுந்தது. 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் துணை கொண்டு ஏரியை வடித்துத் தூர்த்து, 1923-க்கும் 1925-க்கும் இடையில் ஒரு புதிய குடியிருப்பைத் திட்டமிட்டு அமைத்தனர். நீதிக்கட்சித் தலைவரும், சென்னை நகராண்மைக் கழகத்தின் தலைவராக விளங்கியவரும், 1925-இல் மறைந்தவருமான சர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயர் அதற்கு இடப்பட்டது. அதுவே தியாகராய நகர். நடுவே அமைந்த பூங்காவிற்கு 1921 முதல் 1926 வரை முதன்மந்திரியாக இருந்த பனகல் அரசரின் பெயர். உஸ்மான் சாலை, டாக்டர் நாயர் சாலை, தணிகாசலம் சாலை, சவுந்தரபாண்டியனார் அங்காடி என்று அக்கட்சித் தலைவர்கள் பலரை அந்நகரின் தெருக்களிலேயே நீங்கள் சந்திக்கலாம். சவுந்தரபாண்டியனார் அங்காடி என்றால் உங்களுக்கு விளங்காமற் போகலாம். பாண்டி பஜார் என்றால் விளங்கும்.

திட்டமிட்டோரை நான் குறை கூறமாட்டேன். அகன்ற சாலைகள், நடுவில் பூங்கா, வீட்டைச் சுற்றித் தோட்டம் என்று அவர்கள் செய்தது நற்பணியே. ஏரியைத் தூர்த்தால் மழைநீர் எங்கே போகும் என்னும் கேள்விக்கு மட்டும் அவர்கள் முழு விடை காணவில்லை. மாம்பலம் கால்வாய் என்று ஒரு வடிகால், நந்தனத்தருகே அடையாற்றில் சேர்கிறது. முன்னாளில் ஒரு பேரேரி செய்த வேலையை அந்த ஒற்றைக் கால்வாய் செய்யவேண்டியதாயிற்று.

நகர் அமைந்தது, ஆயினும் அலுவலகங்களோ கோட்டையிலும் பாரிமுனையிலும் இருந்தன. ஆறு ஏழு மைல் தொலைவை நாள்தோறும் கடப்பது எப்படி? 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் பம்பாயில் இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது. ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1931-இல், சென்னைக் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. நம் நாட்டில் மீட்டர் பாதையொன்று மின்மயமானது அதுவே முதன்முறை. ஏறக்குறைய 29 கிலோமீட்டர் தொலைவுக்குத் தலைக்கு மேலே கம்பி; அதில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம். நீராவி எஞ்சினுக்குக் கரி போட்டுத் தண்ணீர் கொதிக்கும்வரை காத்திருக்க வேண்டும். மின்வண்டி அப்படியன்று, நின்றவுடன் புறப்படும், கடைசி நிலையத்தில் எஞ்சினைத் திருப்பி மாட்டவேண்டிய தொல்லையும் இல்லை. அதனால் அடுத்தடுத்து வண்டிகளை விட முடிந்தது. கிராமங்கள் புறநகரானது இந்த வேகத்தால்தான்.

என் பாட்டனார் தஞ்சைச் சீமையிலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்து மாம்பலத்தில் குடியேறியதும் அந்த முப்பதுகளில்தான். சீசன் டிக்கெட்டை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு அவர் புறப்படும் நேரத்தைப் பார்த்துத் தெருவில் உள்ளோர் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்களாம். இது குடும்பப் பெருமை. நீங்கள் பாதியைத் தள்ளிவிட்டு நம்பலாம்.

இனி, நான் சொல்லவந்த செய்திக்கு வருகிறேன். இருப்புப்பாதை மாம்பலத்தை இரண்டாகப் பிளந்தது. கிழக்கே திட்டமிட்ட தியாகராய நகர். மேற்கே பழைய கிராமம். கோதண்டராமர் கோயிலும் காசி விசுவநாதர் கோயிலும் குறுகிய தெருக்களும் உள்ள பழைய மாம்பலம். அதே ரயில், அதே நிலையம், அதே கட்டணம். ஆனால் கிழக்கே பூங்கா வந்தது. மேற்கே கொசு வந்தது. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. வடிகால் இல்லாத தெருக்களில் வீட்டுக் கழிவுநீர் தேங்கியது. தேங்கிய அழுக்கு நீரில் முட்டையிடும் ஒருவகைக் கொசுவே யானைக்கால் நோயைப் பரப்புவது. மேற்கு மாம்பலம் என்றாலே பெண் கொடுக்கத் தயங்கிய காலமும் உண்டு என்று என் அன்னையார் சொல்வார்.

இந்நோயின் கிருமி பகலில் இரத்தத்தின் மேலோட்டத்தில் தென்படுவதில்லை, இரவில்தான் வெளிவரும். ஆகையால், 1955-இல் தொடங்கிய தேசிய யானைக்கால் தடுப்புத் திட்டத்தின் பணியாளர்கள் இரவிலேயே வீடு வீடாக வருவார்கள். நான் சிறுவனாய் இருந்தபோது, உறங்கும் எங்களை எழுப்பி, அரிக்கேன் விளக்கொளியில் விரல் நுனியில் ஊசியால் குத்தி, கண்ணாடித் துண்டில் இரத்தம் எடுத்துச் சென்றது நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பணியாளர்களின் பெயர்கள் எந்தத் தெருவிற்கும் இடப்படவில்லை.

அரசாங்கம் செய்வதற்காகவே காத்திராமல் ஊரார் தாமே செய்தவையும் உண்டு. 1953-இல் எம். சி. சுப்பிரமணியம் என்னும் பெருமகனார் மேற்கு மாம்பலத்தில் பொதுச் சுகாதார மையத்தைத் தொடங்கினார். எளியோர்க்குக் குறைந்த செலவில் மருத்துவம் அளிக்கும் அறநிலையமாக அது வளர்ந்தது. கிழக்கே, நாற்பதுகளில், நடிகரும் பாடகருமான சித்தூர் வி. நாகையாவின் முயற்சியால் தியாக பிரம்ம கான சபை தோன்றி, வாணி மகால் எழுந்தது. ஒரு கரையில் சங்கீத மண்டபம். மறு கரையில் மருத்துவமனை. எது எங்கே முதலில் தேவைப்பட்டது என்பதை இவ்விரண்டுமே சொல்லும். எனினும், கச்சேரி கேட்க மேற்கிலிருந்து கிழக்கே சென்றவர்களும், மருந்து வாங்கக் கிழக்கிலிருந்து மேற்கே வந்தவர்களும் இல்லாமலில்லை.

எழுபதுகளின் இறுதியில் ஒரு கார்த்திகை மாதம். என் தமக்கையார் தலைப்பிரசவத்திற்குத் தாய் வீடு வந்திருந்தார். பிரசவத்திற்கு ஏற்பாடு செய்திருந்த இல்லம் கிழக்குப் பக்கத்தில் இருந்தது. நள்ளிரவில் வலி கண்டது, வெளியே பெருமழை. இருப்புப்பாதையின் அடியில் செல்லும் வழியில் இடுப்பளவு வெள்ளம். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் கைவிரித்துவிட்டார். அடுத்த வீட்டுப் பெரியவர் ஒருவர் தம் சாய்வு நாற்காலியைக் கொண்டு வந்தார். அதில் அக்காவை உட்காரவைத்து, தெருவில் உள்ள நான்கு பேர் தூக்கிக்கொள்ள, நான் குடை பிடிக்க, ரயில் நிலையத்துப் படிப்பாலத்தின்மீது ஏறி அக்கரை சேர்ந்தோம். விடியுமுன் ஆண் குழந்தை பிறந்தது. தூக்கியவர்களுள் இருவரோடு எங்கள் வீட்டார்க்கு அதுவரை பேச்சு வார்த்தை இல்லை, குழாயடித் தகராறு. அந்த இரவோடு அது தீர்ந்தது. நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, “இருக்கட்டும் தம்பி, அடுத்த மழைக்கு வேறு யாருக்காவது வேண்டியிருக்கும்” என்றார் அந்தப் பெரியவர்.

காலம் உருண்டது. நகரம் வெளியே வெளியே நகர்ந்தது. சைதாப்பேட்டை 1946-இல் நகரோடு சேர்ந்தது. 1951-இல் நகரின் மக்கள்தொகை 14 இலட்சத்தைத் தாண்டியது. எஞ்சியிருந்த நுங்கம்பாக்கம் ஏரியும் தூர்க்கப்பட்டு, அவ்விடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. நீரின்றி அமையாது உலகம் என்ற புலவருக்கு ஏரியின்மேல் கோட்டம் அமைந்தது விந்தையே. மீட்டர் பாதையில் ஓடிய புறநகர் வண்டிகள் 2004-இல் ஓய்வு பெற்றன. அகலப் பாதை வண்டிகள் அவற்றின் இடத்தைக் கொண்டன. 2011-இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆயிற்று. ஒருகாலத்தில் ரயிலின் கடைசி நிலையமாக இருந்த தாம்பரம் 2021-இல் தானே ஒரு மாநகராட்சியாகிவிட்டது. மாம்பலம் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் உயர்நடைபாதை 2023-இல் திறக்கப்பட்டது. அதில் நடந்து பார்த்தேன். அக்காவைச் சுமந்து சென்ற படிகளை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

நீர் மட்டும் தன் பழைய வழியை விடவில்லை. 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் ஒரு நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அடையாறு கரை மீறிச் சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் வீடுகளின் கூரையைத் தொட்டது. 2021 நவம்பரில் தியாகராய நகரின் அகன்ற சாலைகளில் நாட்கணக்கில் நீர் நின்றது. திட்டமிட்ட கரையென்றும் திட்டமிடாத கரையென்றும் மழை பார்க்கவில்லை. அப்போது நான் பணி ஓய்வு பெற்றிருந்தேன். மேற்குப் பக்கத்து இளைஞர்கள் உணவுப் பொட்டலங்களோடு கிழக்கே சென்றதைத் திண்ணையிலிருந்து கண்டேன்.

அன்று வகுப்பறையில் கேள்வி கேட்ட மாணவனை மறந்துவிடவில்லை. பாடம் முடிந்ததும் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். தத்தம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, மழை நாளில் எந்தத் தெருவில் எவ்வளவு நீர் நிற்கிறது என்று குறித்து, பேட்டையின் படம் ஒன்று வரைந்து வரச் சொன்னேன். கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று மூன்றே அளவு. மறுவாரம் எல்லோருடைய தாள்களையும் ஒட்டி ஒரே படமாக்கினோம். நீர் நிற்கும் தெருக்களுக்கு நீல வண்ணம் தீட்டினோம். தனித்தனித் தெருக்களாய்த் தொடங்கிய நீலம், முடிவில் ஒன்றோடொன்று சேர்ந்து, வடக்கும் தெற்குமாய் நீண்ட ஒரே வடிவமாகியது. அந்தப் பையன் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு விரலை அதன் நடுவில் வைத்து, “ஐயா, எங்கள் வீடு இங்கே இருக்கிறது” என்றான்.