ஏரி வளர்த்த ஊர்

தென்னேரியின் வரலாற்றை ஏரிக்கரையிலிருந்து தொடங்குவதே முறை. காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே, வாலாஜாபாத்தை அடுத்த இந்த ஊரின் ஏரியைத் தொண்டைமான் இளந்திரையன் வெட்டினான் என்பது வழிவழியாக வரும் செய்தி. பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் அவன். ஊர்ச் சிவன் கோயில்களில் சோழர் காலக் கல்வெட்டுகளும் உண்டு. அரசர்களைப் பற்றி இவ்வளவு போதும். ஊரைக் காத்தவர்கள் வேறு.

ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும் மழையைத் தேக்கி வைக்காவிட்டால் தொண்டை மண்டலச் சமவெளியில் பயிர் கரையேறாது. அதற்காகத்தான் சரிவுக்குக் குறுக்கே மண்கரை எழுப்பி, அலை அரிக்காமல் உட்புறம் கல் பாவி, மிகுநீர் வழியக் கலங்கல் வைத்தார்கள். மதகில் கல்தூண்களுக்கு நடுவே ஒரு கட்டை நிற்கும். அது தூம்பின் கண்ணை அடைத்திருக்கும். அதை எவ்வளவு தூக்குகிறார்களோ அவ்வளவு தண்ணீர்தான் வாய்க்காலில் இறங்கும். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பது நீர்க்கட்டியின் பொறுப்பு. அறுவடையில் களத்திலேயே அவருக்கு நெல் அளந்தார்கள். என் கணிப்பில், ஊரின் நியாயம் அந்த மதகடியில்தான் நடந்தது.

ஏரியைக் காக்கும் இந்த ஏற்பாடு எழுதா வழக்கமாக மட்டும் இருக்கவில்லை. இதே வட்டாரத்து உத்திரமேரூரில், பராந்தக சோழனின் கல்வெட்டு, ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்ததைச் சொல்கிறது, ஆண்டு 921. 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற ஆங்கிலேயர் செங்கல்பட்டு ஜாகீரின் ஊர்களை அளந்தபோது, கணக்கர்களின் ஓலைகளில் ஊர் ஊழியக்காரர்களுக்கான விளைச்சல் பங்கும் ஊர்வாரியாகப் பதிவாகியிருந்தது.

ஏட்டில் ஏறாத கதைகளை ஊர்மக்களே தொகுக்கலாம் என்பதற்கு வெளிநாட்டில் ஒரு முன்மாதிரி உண்டு. கனடாவின் சஸ்காட்சுவான் புல்வெளியில், ரயில் நிலையத்தையும் தானியக் கிடங்கையும் நம்பி எழுந்த சிற்றூர்கள் பல, தண்டவாளம் போனதும் ஆளற்றுப் போயின. அவற்றில் சிலவற்றின் மக்கள் குடும்பம் குடும்பமாகத் தம் கதைகளைத் தொகுத்துப் புத்தகமாக்கி வைத்தார்கள். நம் ஏரி நிற்கிறது; கதைகள்தாம் தொகுக்கப்படவில்லை. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறும் பிள்ளைகளுக்கு நீர்க்கட்டி யார் என்று விளக்க வேண்டியிருக்கிறது.

வீட்டுப் பரணில் பழைய பத்திரம், அடங்கல் நகல், ஓலை எதுவானாலும் தூக்கி எறியாதீர்கள். படம் எடுத்துப் பள்ளியிலோ நூலகத்திலோ ஒரு படி கொடுங்கள். மதகு திறந்த பெரியவர்கள் இருந்தால் இந்த ஆண்டே உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்.